லாஸ்லோ ராய்க் (1909–1949)

லாஸ்லோ ராய்க் ஹங்கேரி நாட்டின் கம்யூனிஸ்ட் தலைவர்களுள் ஒருவர். 1946 முதல் 1948 வரை உள்துறை அமைச்சராகவும், அதன்பின் 1949 மே மாத இறுதி வரை வெளியுறவுத்துறை அமைச்சராகவும் பதவி வகித்தவர். தாம் அமைச்சராக இருந்தபோது வளர்த்தெடுத்த அரசியல் காவல்துறையாலேயே கைது செய்யப்பட்டு, பொய்க் குற்றச்சாட்டுகளின் பேரில் 1949 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்டார். ஏழு ஆண்டுகளுக்குப் பின், 1956 அக்டோபர் 6 அன்று, அதே கட்சியின் அரசு அவரது உடலை மரியாதையுடன் மறு அடக்கம் செய்தது. அந்த நிகழ்வுக்குப் பதினேழாம் நாள் ஹங்கேரியப் புரட்சி வெடித்தது.

பிறப்பு, கல்வி

ராய்க் 1909ஆம் ஆண்டு டிரான்சில்வேனியாவிலுள்ள செக்கெய்உத்வர்ஹெய் என்னும் ஊரில் பிறந்தார். அப்போது அவ்வூர் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் இருந்தது. முதல் உலகப் போருக்குப் பின் டிரான்சில்வேனியா ருமேனியாவுடன் சேர்க்கப்பட்டதால், இன்று அது ருமேனிய ஊர். ஜெர்மானிய வழிவந்த அவரது குடும்பம் பிள்ளைகள் நிறைந்த பெரிய குடும்பம்.

புடாபெஸ்ட் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது அவருக்குக் கம்யூனிஸ்ட் இயக்கத்தோடு தொடர்பு ஏற்பட்டது. அக்காலத்தில் ஹங்கேரியை ஆண்டவர் கடற்படைத் தளபதியாக இருந்த மிக்லோஷ் ஹோர்த்தி. அவரது ஆட்சியில் கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டிருந்தது. 1931இல் ராய்க் கைதாகிப் பின் விடுவிக்கப்பட்டார். அந்த விடுதலையே பதினெட்டு ஆண்டுகள் கழித்து அவருக்கு எதிரான முதல் குற்றச்சாட்டாகத் திரும்பி வந்தது. அரசியல் காரணங்களால் படிப்பைத் தொடர முடியாமல் போகவே, கட்டுமானத் தொழிலாளியாக வேலை பார்த்தார். 1935இல் நடந்த கட்டுமானத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் முன்னணியில் நின்றார்.

ஸ்பெயின், சிறை, தலைமறைவு

1936இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. குடியரசைக் காக்கப் பல நாட்டு இடதுசாரிகள் பன்னாட்டுப் படைகளில் சேர்ந்தனர். ராய்க்கும் அங்கே சென்று, ஹங்கேரியர்களைக் கொண்ட ஒரு படைப்பிரிவின் அரசியல் ஆணையராகப் பணியாற்றினார். போரில் காயமும் அடைந்தார். அந்தப் படைப்பிரிவுக்கு இடப்பட்டிருந்த பெயர் ‘ராக்கொசி’. அப்போது ஹங்கேரியச் சிறையில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் மாத்யாஷ் ராக்கொசியைச் சிறப்பிக்க வைத்த பெயர் அது. பின்னாளில் ராய்க்கைத் தூக்குமேடைக்கு அனுப்பியவரும் இதே ராக்கொசிதான்.

ஸ்பானியக் குடியரசு வீழ்ந்தபின் அதன் வீரர்கள் எல்லை தாண்டிப் பிரான்சுக்குள் நுழைந்தனர். பிரெஞ்சு அரசு அவர்களை முகாம்களில் அடைத்தது. ராய்க் அந்த முகாம்களில் இருந்துவிட்டு 1941இல் தாயகம் திரும்பினார். அங்கும் அவருக்குக் காவல்தான் காத்திருந்தது. 1944இல் விடுபட்டதும் தலைமறைவுக் கட்சியின் மத்தியக் குழுச் செயலாளரானார்.

1944 அக்டோபரில் ஜெர்மானியர் ஆதரவுடன் அம்புச்சிலுவைக் கட்சி என்னும் பாசிசக் கட்சி ஆட்சியைப் பிடித்தது. அதே ஆண்டு டிசம்பரில் ராய்க் அக்கட்சியினரிடம் பிடிபட்டார். மரண தண்டனை கிடைக்கக்கூடிய நிலை. ஆனால் அவருடைய அண்ணன் எந்த்ரே ராய்க் அந்த அம்புச்சிலுவை அரசிலேயே உயர்பதவியில் இருந்தார். அண்ணனின் தலையீடு தம்பியின் உயிரைக் காத்தது. ஷோப்ரோன்கோஹிதா சிறையிலிருந்து ஜெர்மனிக்குக் கொண்டு செல்லப்பட்ட ராய்க், 1945 மே மாதம் போர் முடிந்தபின் நாடு திரும்பினார்.

உள்துறை அமைச்சர்

போருக்குப் பின் ஹங்கேரியில் சோவியத் படைகள் நிலைகொண்டிருந்தன. எனினும் 1945 நவம்பரில் நடந்த பொதுத்தேர்தல் பெரிதும் நேர்மையாகவே நடந்தது. சிறு நில உடைமையாளர் கட்சி 57 விழுக்காடு வாக்குகளைப் பெற்றது. கம்யூனிஸ்டுகளுக்குக் கிடைத்தது 17 விழுக்காடுதான். ஆயினும் கூட்டணி அரசில் உள்துறை கம்யூனிஸ்டுகள் வசம் வந்தது. காவல்துறை அத்துறையின் கீழ் இருந்ததே அதற்குக் காரணம். முதலில் அப்பொறுப்பை ஏற்றவர் இம்ரே நாகி. கட்சித் தலைமை எதிர்பார்த்த கடுமை அவரிடம் இல்லை. 1946 மார்ச்சில் அவர் இடத்துக்கு ராய்க் நியமிக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 37.

நெடிய உருவமும் நல்ல பேச்சாற்றலும் கொண்ட ராய்க், கட்சி இளைஞர்களிடம் செல்வாக்குப் பெற்றிருந்தார். ஏழை விவசாயிகளின் பிள்ளைகள் உயர்கல்வி பெற அமைக்கப்பட்ட மக்கள் கல்லூரி விடுதிகளுக்கு அவர் ஆதரவாளராக விளங்கினார். அந்த மாணவர்கள் அவரைத் தங்களுள் ஒருவராகவே கருதினர்.

அமைச்சராக அவர் செய்தவை வேறு வகையானவை. 1946 கோடையில் புடாபெஸ்டில் சோவியத் வீரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதைக் காரணம் காட்டி, கத்தோலிக்க இளைஞர் அமைப்புகள் உட்பட ஏராளமான சங்கங்களைக் கலைத்தார். அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ 1,500 என்று கூறப்படுகிறது. ஹங்கேரியில் தலைமுறைகளாக வாழ்ந்த ஜெர்மானியர்களை நாட்டைவிட்டு வெளியேற்றும் நடவடிக்கை அவர் காலத்திலும் தொடர்ந்தது. அவரே ஜெர்மானிய வழிவந்தவர் என்பது அந்நடவடிக்கையைத் தடுக்கவில்லை.

1946 இறுதியில் அரசியல் காவல்துறை நாடு முழுமைக்குமான ஒரே அமைப்பாக உருவாக்கப்பட்டது. மக்கள் அதனை அதன் சுருக்கப்பெயரால் ‘ஆவோ’ என்றழைத்தனர். அதன் தலைவர் காபோர் பேட்டர். தலைமையகம் ஆந்த்ராஷி சாலை 60ஆம் எண் கட்டடத்தில் இருந்தது. அதற்குமுன் அம்புச்சிலுவைக் கட்சியின் தலைமையகமாக இருந்த கட்டடமும் அதுவே. ஆட்சி மாறியபின்னும் அதன் நிலவறைகள் சிறையாகவே பயன்பட்டன.

அவ்வமைப்பின் முதல் பெரிய வழக்கு, குடியரசைக் கவிழ்க்கச் சதி செய்ததாக ‘ஹங்கேரிய சமூகம்’ என்ற குழுவின் மீது தொடுக்கப்பட்டது. கைதானவர்கள் அடித்துத் துன்புறுத்தப்பட்டு வாக்குமூலம் தந்தனர். அவர்களுள் ஒருவரான ஜியார்ஜ் தோனாத் 1947 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார். இவ்வழக்கின் நூலைப் பிடித்துக்கொண்டே சிறு நில உடைமையாளர் கட்சி சிதைக்கப்பட்டது. அக்கட்சியின் பொதுச் செயலாளர் பேலா கோவாச்சை 1947 பிப்ரவரியில் சோவியத் படையினர் கைது செய்து கொண்டு சென்றனர். மே மாதம் சுவிட்சர்லாந்தில் விடுமுறையில் இருந்த பிரதமர் ஃபெரென்ஸ் நாகி, நாடு திரும்பினால் தமக்கும் அதே கதிதான் என்று உணர்ந்து அங்கிருந்தே பதவி விலகினார்.

1947 ஆகஸ்ட் 31 அன்று மறுபடியும் தேர்தல் நடந்தது. சொந்த ஊரில் இல்லாதவர்கள் வேறிடத்தில் வாக்களிக்க நீல நிறச் சீட்டுகள் வழங்கப்பட்டன. கம்யூனிஸ்ட் தொண்டர்கள் அச்சீட்டுகளைக் கட்டுக்கட்டாக வைத்துக்கொண்டு, வண்டிகளில் ஊர் ஊராகச் சென்று பலமுறை வாக்களித்தனர். ‘நீலச் சீட்டுத் தேர்தல்’ என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. இத்தனைக்கும் பிறகு கம்யூனிஸ்டுகள் பெற்றது 22 விழுக்காடு. ஆனால் மற்றக் கட்சிகள் பிளவுபட்டிருந்ததால் அவர்களே தனிப்பெரும் கட்சியாயினர். தேர்தலை நடத்திய துறையின் அமைச்சர் ராய்க்.

வெளியுறவுத்துறையும் வீழ்ச்சியும்

1948 ஆகஸ்டில் ராய்க் உள்துறையிலிருந்து வெளியுறவுத்துறைக்கு மாற்றப்பட்டார். வெளிப்பார்வைக்கு இது பதவி உயர்வு போலத் தோன்றியது. உண்மையில் காவல்துறை அவர் கையைவிட்டுப் போயிற்று. புதிய உள்துறை அமைச்சரானவர் யானோஷ் காதார். இவரும் ராய்க்கைப் போலவே போர்க்காலத்தில் உள்நாட்டில் தலைமறைவாக இருந்து கட்சிப் பணி செய்தவர். ராய்க் குடும்பத்துக்கு நெருக்கமானவர். 1949 ஜனவரியில் ராய்க்குக்கு மகன் பிறந்தபோது, பெயர்சூட்டு நிகழ்வில் ஞானத்தந்தையின் இடத்தில் நின்றவர் காதார்.

கட்சித் தலைமையில் இருந்த ராக்கொசி, எர்னோ கெரோ, மிஹாய் ஃபர்க்காஷ் ஆகியோர் போர்க்காலத்தை மாஸ்கோவில் கழித்துச் சோவியத் படையின் பின்னே நாடு திரும்பியவர்கள். ராய்க் அந்த வட்டத்தைச் சேர்ந்தவர் அல்லர். இந்த வேறுபாடு அதுவரை பெரிய பகையாக மாறவில்லை. 1948இல் சூழல் மாறியது. அவ்வாண்டு ஜூன் 28 அன்று, ஸ்டாலினின் சொல்லுக்குக் கட்டுப்படாத யூகோஸ்லாவியத் தலைவர் டிட்டோவின் கட்சி, கோமின்ஃபார்ம் என்ற கம்யூனிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பிலிருந்து நீக்கப்பட்டது. அதன்பின் ஒவ்வொரு நாட்டிலும் ‘டிட்டோவின் கையாட்கள்’ தேடப்பட்டனர். இல்லாத இடத்தில் உருவாக்கப்பட்டனர்.

வழக்குக்கான முதல் இழை ஓர் அமெரிக்கரிடமிருந்து கிடைத்தது. நோயெல் ஃபீல்ட் என்ற அவர் போர்க்காலத்தில் சுவிட்சர்லாந்திலிருந்து அகதிகளுக்கு உதவியவர். உதவி பெற்றவர்களுள் பல கம்யூனிஸ்டுகளும் இருந்தனர். 1949 மே மாதம் பிராக் நகரில் ஃபீல்ட் பிடிக்கப்பட்டுப் புடாபெஸ்டுக்குக் கொண்டுவரப்பட்டார். அவரோடு பழகியவர்கள் எல்லாரும் அமெரிக்க ஒற்றர்கள் என்று கதை கட்டப்பட்டது. அவ்வாறு முதலில் கைதானவர் கட்சி நிர்வாகியான டிபோர் சோன்யி. அவரை அடித்து வாங்கிய வாக்குமூலத்தின் வழியாக விசாரணை ராய்க்கை எட்டியது. 1949 மே 30 அன்று ராய்க் கைது செய்யப்பட்டார். அவருடைய மனைவி யூலியாவும் சிறையிலடைக்கப்பட்டார். நான்கு மாதக் குழந்தை தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு, இஷ்த்வான் கோவாச் என்ற வேறு பெயரில் காப்பகத்தில் சேர்க்கப்பட்டது.

ஒப்புக்கொள்ளச் செய்தல்

ராய்க் எளிதில் பணியவில்லை. ஜூன் 7 அன்று காதாரும் ஃபர்க்காஷும் சிறையில் அவரைச் சந்தித்துப் பேசினர். அந்தப் பேச்சு அவருக்குத் தெரியாமல் ஒலிப்பதிவு செய்யப்பட்டது. அதன் எழுத்து வடிவம் பல பத்தாண்டுகளுக்குப் பிறகே வெளிவந்தது. உண்மையைச் சொல்லிக் கட்சிக்கு உதவுமாறு இருவரும் வற்புறுத்த, தாம் கட்சியின் எதிரி அல்லர் என்று ராய்க் மறுத்துக்கொண்டே இருந்ததை அதில் காணலாம். இந்த வழக்கில் ‘உண்மை’ என்ற சொல்லின் பொருளைக் கட்சித் தலைமை முன்கூட்டியே முடிவு செய்திருந்தது.

அதன்பின் அடியும் உறக்கமின்மையும் தொடர்ந்தன. சோவியத் பாதுகாப்புத்துறை அதிகாரிகள் மாஸ்கோவிலிருந்து வந்து விசாரணையை வழிநடத்தினர். வாழ்நாள் முழுவதும் கட்சிக்குக் கீழ்ப்படிந்தவரிடம், இறுதியாக ஒருமுறை கீழ்ப்படியுமாறு கேட்கப்பட்டது. ராய்க் இறுதியில் ஒப்புக்கொண்டார்.

வழக்கும் தூக்கும்

விசாரணை 1949 செப்டம்பர் 16 முதல் 24 வரை புடாபெஸ்டில் உலோகத் தொழிலாளர் சங்கத்தின் பெரிய மண்டபத்தில் நடந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் எட்டுப் பேர். வழக்கு வானொலியில் ஒலிபரப்பாயிற்று. நடவடிக்கைகள் நூலாக்கப்பட்டுப் பல மொழிகளில் பரப்பப்பட்டன.

ராய்க் மீது சாட்டப்பட்ட குற்றங்கள் அவருடைய வாழ்க்கையின் ஒவ்வொரு கட்டத்தையும் தலைகீழாகத் திருப்பின. 1931இல் விடுதலையானது ஹோர்த்தியின் காவல்துறைக்கு ஒற்றராக ஒப்புக்கொண்டதால் என்றனர். ஸ்பெயினுக்குப் போனது படைப்பிரிவுக்குள் குழப்பம் விளைவிக்க என்றனர். பிரெஞ்சு முகாம்களில் அவரை யூகோஸ்லாவியரும் ஜெர்மானிய ரகசியக் காவல்துறையும் சேர்த்துக்கொண்டதாகக் கூறினர். டிட்டோவின் துணையுடன் ராக்கொசி, கெரோ, ஃபர்க்காஷ் மூவரையும் கொன்று ஆட்சியைப் பிடிக்கத் திட்டமிட்டார் என்பது உச்சகட்டக் குற்றச்சாட்டு. ராய்க் அனைத்தையும் தெளிவான குரலில், மனப்பாடம் செய்தவரைப்போல் ஒப்புக்கொண்டார். எந்தத் தீர்ப்பு வந்தாலும் அதனை நியாயமானதாகவே கருதுவதாகவும் இறுதியில் கூறினார்.

ராய்க், டிபோர் சோன்யி, அந்த்ராஷ் சாலாய் ஆகிய மூவருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. அக்டோபர் 15 அன்று மூவரும் தூக்கிலிடப்பட்டனர். இராணுவத் தளபதி ஜியார்ஜ் பால்ஃபியின் வழக்கு இராணுவ நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டு, அவருக்கும் அதே மாதத்தில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

புடாபெஸ்ட் வழக்கு மற்ற நாடுகளுக்கு முன்மாதிரியாயிற்று. 1949 டிசம்பரில் பல்கேரியாவில் திரைச்சோ கோஸ்தோவ் தூக்கிலிடப்பட்டார். 1952இல் செக்கோஸ்லோவாக்கியாவில் ருடால்ஃப் ஸ்லான்ஸ்கி முதலான பதினான்கு பேர் மீது வழக்கு நடந்து, பதினொருவர் தூக்கிலிடப்பட்டனர்.

ராய்க்கை வீழ்த்தியவர்களும் தப்பவில்லை. 1951இல் காதார் கைது செய்யப்பட்டுச் சிறையில் வாடினார். 1953 ஜனவரியில் காபோர் பேட்டர் கைதானார்.

இரண்டாவது அடக்கம்

1953 மார்ச்சில் ஸ்டாலின் இறந்தார். 1954இல் யூலியா ராய்க், காதார், நோயெல் ஃபீல்ட் ஆகியோர் விடுதலையாயினர். 1955 மே மாதம் சோவியத் தலைவர் குருஷேவ் பெல்கிரேடுக்கே சென்று டிட்டோவுடன் சமாதானம் செய்துகொண்டார். டிட்டோ எதிரியல்லர் என்றான பின், டிட்டோவின் கையாள் என்று ஒருவரைத் தூக்கிலிட்டதற்கு என்ன பொருள்? இக்கேள்விக்கு ராக்கொசியால் பதில் சொல்ல முடியவில்லை. 1956 மார்ச் 27 அன்று எகர் நகரில் பேசியபோது, ராய்க் குற்றமற்றவர் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் பழி முழுவதையும் காவல்துறையின் மீது போட்டார்.

யூலியா அத்துடன் விடவில்லை. 1956 ஜூன் 18 அன்று பெத்தோஃபி வட்டம் என்ற இளைஞர் விவாத மன்றத்தில் எழுந்து, தம் கணவரைக் கொன்றவர்கள் இன்னும் பதவியில் இருக்கிறார்கள் என்று வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். அவையோர் எழுந்து நின்று கைதட்டினர். ஜூலை மாதம் ராக்கொசி பதவியிழந்து சோவியத் நாட்டுக்குச் சென்றார். தம் கணவரைப் பொதுமக்கள் முன்னிலையில் முறைப்படி அடக்கம் செய்ய வேண்டும் என்பதில் யூலியா உறுதியாக நின்றார்.

புடாபெஸ்டுக்கு வெளியே மறைவாகப் புதைக்கப்பட்டிருந்த உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டன. அக்டோபர் 6 அன்று கெரெபெஷி கல்லறைத் தோட்டத்தில் ராய்க், சோன்யி, சாலாய், பால்ஃபி ஆகியோரின் உடல்கள் அடக்கம் செய்யப்பட்டன. அந்த நாள் ஹங்கேரியர் அனைவரும் அறிந்த நினைவு நாள். 1849இல் அதே தேதியில் அராத் நகரில் பதின்மூன்று விடுதலைப் போர்த் தளபதிகளை ஆஸ்திரிய அரசு கொன்றிருந்தது.

ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வரிசையில் நின்று அஞ்சலி செலுத்தினர். யூலியாவும் ஏழு வயது மகனும் சவப்பெட்டிகளின் அருகில் நின்றனர். இம்ரே நாகியும் வந்திருந்தார். ஒரு காலத்தில் ராய்க்கின் காவல்துறையைக் கண்டு அஞ்சியவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தனர். அவர்கள் வந்தது ராய்க்குக்காக மட்டுமன்று. குற்றமற்றவர்களைக் கொன்றோம் என்று ஓர் அரசு தன் வாயாலேயே ஒப்புக்கொள்ளும் காட்சியைக் காணவும் வந்தனர். அன்று சில நூறு மாணவர்கள் முழக்கமிட்டபடி நகருக்குள் ஊர்வலம் போனார்கள். அக்டோபர் 23 அன்று அந்தச் சில நூறு, பல்லாயிரமாகப் பெருகியது.

குடும்பத்தின் பிற்காலம்

நவம்பர் 4 அன்று சோவியத் டாங்கிகள் புரட்சியை நசுக்கின. புதிய அரசின் தலைவராக அமர்ந்தவர் காதார். யூலியாவும் மகனும் இம்ரே நாகியுடன் யூகோஸ்லாவியத் தூதரகத்தில் அடைக்கலம் புகுந்தனர். பின்னர் எல்லாரும் ருமேனியாவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். நாகி அங்கிருந்து கொண்டுவரப்பட்டு 1958 ஜூன் 16 அன்று தூக்கிலிடப்பட்டார். யூலியாவும் மகனும் 1958இல் நாடு திரும்ப அனுமதிக்கப்பட்டனர். யூலியா 1981இல் காலமானார்.

தந்தையின் பெயரையே தாங்கிய மகன் லாஸ்லோ ராய்க் கட்டடக் கலைஞரானார். காதார் ஆட்சியில் தடை செய்யப்பட்ட நூல்களைத் தம் வீட்டிலிருந்தே விநியோகித்தார். 1989 ஜூன் 16 அன்று புடாபெஸ்டின் வீரர் சதுக்கத்தில் இம்ரே நாகிக்கு மறு அடக்க அஞ்சலி நடந்தபோது, அதன் மேடை அலங்காரத்தை வடிவமைத்த இருவருள் அவரும் ஒருவர். அடுத்த மாதம் ஜூலை 6 அன்று நாட்டின் உச்ச நீதிமன்றம் நாகி குற்றமற்றவர் என்று தீர்ப்பளித்தது. காதார் இறந்ததும் அதே நாளில்தான். மகன் ராய்க் 2019இல் மறைந்தார்.

மதிப்பீடு

ராய்க்கைத் தியாகி என்போரும் உண்டு. கொடியவர் தாம் வெட்டிய குழியிலேயே விழுந்தார் என்போரும் உண்டு. இரண்டுமே பாதிக் கதைதான். 1949இல் அவர்மீது சுமத்தப்பட்ட குற்றங்கள் அனைத்தும் பொய். 1946க்கும் 1948க்கும் இடையே அவர் செய்த குற்றங்களுக்காக அவர்மீது எவரும் வழக்குத் தொடுக்கவில்லை. ஏனெனில் அவற்றைக் கட்சி குற்றமாகவே கருதவில்லை. தோனாத்தைத் தூக்கிலிட்டபோது பயன்பட்ட வழிமுறைகள் இரண்டே ஆண்டுகளில் மேலும் தேர்ச்சி பெற்று ராய்க் மீது பயன்பட்டன.

ஒருவர் பெற்ற அநீதி அவர் இழைத்த அநீதியைக் கழுவிவிடாது. அதேபோல் அவர் இழைத்த அநீதி, அவர் பெற்ற அநீதியை நியாயமாக்கிவிடாது. இந்த இரண்டையும் ஒருசேர நினைவில் வைத்திருப்பதே லாஸ்லோ ராய்க்கின் வாழ்க்கையைப் படிப்பவர் செய்ய வேண்டியது.

ஆந்த்ராஷி சாலை 60ஆம் எண் கட்டடம் 2002 முதல் அருங்காட்சியகமாக இருந்துவருகிறது. அம்புச்சிலுவையினரிடமும் அரசியல் காவல்துறையினரிடமும் சிக்கித் துன்புற்றவர்களின் நினைவு அங்கு ஒரே கூரையின்கீழ் வைக்கப்பட்டுள்ளது.